அணு உலையை நிறுத்தலாம், கதிரியக்கத்தை நிறுத்த முடியாது

வடசென்னையில் தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கம் மொட்டைமாடியில் செல்போன் டவர் வைக்க ஆள் வந்தால், "ரேடியேஷன் வரும், வேணாம்" என்று அக்கம்பக்கத்தார் தடுக்கிறார்கள். எண்ணூரில் சாம்பல் பறந்தால் அதிலும் ரேடியேஷன் என்கிறார்கள். எக்ஸ்ரே எடுத்துவிட்டு வந்த பெண்ணிடம், "இன்னிக்கு ஒரு நாள் கொழந்தையத் தூக்காத கண்ணு" என்கிறார் மாமியார். கல்பாக்கம் அணுமின் நிலையம் பற்றிச் செய்தி வந்தால் டீக்கடையில் ஒருவர் அடித்துச் சொல்கிறார்: "அது வெடிச்சா அணுகுண்டுதான். மெட்ராஸே இருக்காது."

இந்த நான்கு பயத்தையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். அனல்மின் நிலையம், சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை என்று இத்தனைக்கு நடுவில் குடியிருப்பவர்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம். ஆனால் நான்கும் நான்கு வேறு விஷயங்கள். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் எதற்குத் தள்ளி நிற்க வேண்டும், எதற்குக் கவலையே வேண்டாம் என்பது தெரியாமல் போகிறது. எட்டாம் வகுப்போடு அறிவியலை விட்டவருக்கும் புரியும்படி அடியிலிருந்து தொடங்குகிறேன். சூத்திரம் ஒன்றுகூட வராது.

## அணுக்கருவுக்குள் ஓர் இழுபறி

மண், மீன், இரும்பு, நம் உடம்பு எல்லாமே அணுக்களால் ஆனவை. அணுவின் நடுவில் மிகச் சிறியதாக, ஆனால் கிட்டத்தட்ட மொத்த எடையும் தன்னிடமே இருப்பதாக ஒரு மையம் உண்டு. அதுதான் அணுக்கரு. அதைச் சுற்றி எலக்ட்ரான்கள். அணுக்கருவுக்குள் இரண்டு வகைத் துகள்கள்: நேர்மின்சுமை உள்ள புரோட்டான், மின்சுமையே இல்லாத நியூட்ரான்.

அது எந்தத் தனிமம் என்பதைப் புரோட்டான்களின் எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது. 6 இருந்தால் கார்பன், 19 இருந்தால் பொட்டாசியம், 92 இருந்தால் யுரேனியம். நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் ஒரே தனிமத்துக்குள் கூடலாம், குறையலாம். அப்படி வரும் வகைகளுக்கு ஐசோடோப்பு என்று பெயர். யுரேனியம்-235, யுரேனியம்-238 என்று படிக்கிறோமே, அந்த எண் புரோட்டானையும் நியூட்ரானையும் சேர்த்துக் கூட்டிய மொத்தம்.

நேர்மின்சுமைகள் ஒன்றையொன்று தள்ளும். அப்படியானால் 92 புரோட்டான்கள் இவ்வளவு சிறிய இடத்தில் எப்படி ஒன்றாக இருக்கின்றன? அவற்றை இழுத்துப் பிடிக்க அணுக்கரு விசை என்ற வேறொரு விசை இருக்கிறது. மின் விசையைவிடப் பல மடங்கு வலுவானது. ஆனால் கை நீளம் குறைவு. பக்கத்தில் ஒட்டியிருக்கும் துகளை மட்டும்தான் பிடிக்கும். தள்ளும் விசை அப்படியில்லை, அணுக்கருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எட்டும். அதனால் அணுக்கரு பெரிதாகப் பெரிதாகத் தள்ளும் கட்சியின் கை ஓங்குகிறது. 82 புரோட்டான் உள்ள ஈயத்துக்கு மேலே போனால், என்றென்றைக்கும் நிலைத்து நிற்கும் அணுக்கரு ஒன்றுகூடக் கிடையாது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நெருப்பு, அமிலம், சமையல், துரு இவையெல்லாம் வெளியே இருக்கும் எலக்ட்ரான்களோடு நின்றுவிடும் வேலைகள். அணுக்கருவை அவை தொடுவதேயில்லை. கதிரியக்கப் பொருளைக் கொதிக்க வைத்தாலும், எரித்துச் சாம்பலாக்கினாலும், கடலில் கரைத்தாலும் அதன் கதிரியக்கம் துளியும் குறையாது. இடம் மாறும், அவ்வளவுதான்.

## கதிரியக்கம்: தானாக நடப்பது

நிலையில்லாத அணுக்கரு யாரும் தூண்டாமல், தானாகவே எதையாவது வெளியே தள்ளி வேறொரு அணுக்கருவாக மாறுகிறது. இதுதான் கதிரியக்கம். பாரிஸில் ஆன்ரி பெக்கெரல் 1896-இல் இதைக் கண்டார். கறுப்புத் தாளில் சுற்றி வைத்த புகைப்படத் தகடு, வெயிலே படாமல், மேலே வைத்த யுரேனிய உப்பினால் கறுத்திருந்தது. இரண்டு ஆண்டு கழித்து மேரி கியூரியும் பியர் கியூரியும் பொலோனியத்தையும் ரேடியத்தையும் கண்டுபிடித்தார்கள்.

வெளியே வருபவை பெரும்பாலும் மூன்று வகை. ஆல்ஃபா என்பது இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த கட்டி. கனமானது, ஒரு தாளே அதைத் தடுத்துவிடும். பீட்டா என்பது அணுக்கருவிலிருந்து பாய்ந்து வரும் எலக்ட்ரான். சில மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் நின்றுபோகும். காமா என்பது துகளாக இல்லாமல் ஒளியின் இனத்தைச் சேர்ந்த, ஆனால் ஆற்றல் மிக அதிகமான அலை. அதைக் குறைக்க ஈயமோ கனமான கான்கிரீட்டோ வேண்டும். இப்படிப் பறந்து வரும் இவற்றுக்கெல்லாம் பொதுப் பெயர் கதிர்வீச்சு. கதிர்வீச்சை வெளியிடுகிற சரக்கு கதிரியக்கப் பொருள்.

இதெல்லாம் எங்கோ ஆய்வுக்கூடத்தில் நடப்பது என்று நினைக்க வேண்டாம். இளநீரிலும் வாழைப்பழத்திலும் முருங்கைக்கீரையிலும் உள்ள பொட்டாசியத்தில், பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில், பொட்டாசியம்-40 என்ற கதிரியக்க ஐசோடோப்பு கலந்தே இருக்கிறது. சராசரி எடையுள்ள ஒருவர் உடம்பில் நொடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட பொட்டாசியம்-40 அணுக்கருக்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. இந்த வரியைப் படித்து முடிப்பதற்குள் உங்கள் உடம்பிலும் பல்லாயிரம் நடந்திருக்கும்.

அதில் ஒரு பகுதி ஆர்கான் வாயுவாக மாறுகிறது. மணலியிலும் அம்பத்தூரிலும் ஆர்கான் வெல்டிங் செய்கிறார்களே, அந்த சிலிண்டரில் இருக்கும் வாயு காற்றிலிருந்து பிரித்தெடுத்தது. காற்றில் உள்ள ஆர்கான் கிட்டத்தட்ட முழுவதும் பூமியின் பாறைகளில் இருந்த பொட்டாசியம்-40 பல நூறு கோடி ஆண்டுகளாக மாறி மாறி உண்டானதுதான். பிறந்தநாள் பலூனில் அடைக்கும் ஹீலியமும் அப்படியே: பூமிக்கடியில் யுரேனியமும் தோரியமும் தள்ளிய ஆல்ஃபா துகள்கள் எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு ஹீலியமாகத் தேங்கிக் கிடந்தவை. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத விஷயம் இது.

பெட்ரோமாக்ஸ் விளக்கில் கட்டும் மேண்டில் நினைவிருக்கிறதா? முதல் தடவை கொளுத்தியதும் துணி எரிந்துபோய், விரல் பட்டாலே உதிர்ந்துவிடும் வெள்ளை வலை ஒன்று மிஞ்சும். அந்த வலையில் இருந்தது தோரியம் ஆக்சைடு. கண் கூசும் அந்த வெள்ளை வெளிச்சத்துக்காகச் சேர்த்தார்கள். தோரியம் கதிரியக்கப் பொருள்தான். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட்டில் அது நிறைய உண்டு. அந்த விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்களுக்கு அதனால் கெடுதல் வந்துவிடவில்லை. ஏன் என்பதற்கு அடுத்த பகுதியில் பாதி விடை இருக்கிறது.

இதுவரை பார்த்தது: கதிரியக்கம் என்பது நிலையில்லாத அணுக்கரு தானாக மாறுவது. மாறும்போது வெளியே பறப்பது கதிர்வீச்சு. தீயாலோ தண்ணீராலோ அதை நிறுத்த முடியாது.

## அரை ஆயுட்காலம்

ஓர் அணுக்கரு எப்போது மாறும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கு முதுமை கிடையாது. ஆயிரம் ஆண்டு காத்திருந்த அணுக்கருவும் இன்றைக்கு உண்டானதும் அடுத்த நொடியில் மாறுவதற்கு ஒரே வாய்ப்புதான். ஆனால் கோடிக்கணக்கில் சேர்த்து வைத்தால் மொத்தத்தில் பாதி மாற எவ்வளவு காலம் ஆகும் என்பதை மிகத் துல்லியமாகச் சொல்லலாம். அந்தக் காலத்துக்கு அரை ஆயுட்காலம் என்று பெயர்.

தைராய்டு புற்றுநோய்க்கு மருந்தாகக் கொடுக்கும் அயோடின்-131-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் அரை ஆயுட்காலம் 8 நாள். இன்று 100 பங்கு என்றால் 8-ஆம் நாள் 50, 16-ஆம் நாள் 25, 24-ஆம் நாள் பன்னிரண்டரை. பத்து முறை பாதியானால், அதாவது 80 நாளில், ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். "16 நாளில் எல்லாம் தீர்ந்துவிடும்" என்று இரண்டு பாதியைக் கூட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் மிச்சத்தில்தான் பாதி போகிறது.

மற்ற சிலவற்றின் அரை ஆயுட்காலம்: ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீசியம்-99எம் 6 மணி நேரம், கோபால்ட்-60 சுமார் 5.3 ஆண்டு, சீசியம்-137 சுமார் 30 ஆண்டு, புளுட்டோனியம்-239 சுமார் 24,000 ஆண்டு, யுரேனியம்-238 சுமார் 447 கோடி ஆண்டு, தோரியம்-232 சுமார் 1,400 கோடி ஆண்டு.

பெரிய எண்ணைப் பார்த்ததும் பயம் வருகிறது. ஆனால் கணக்கு நேர்மாறாகப் போகிறது. அரை ஆயுட்காலம் நீளம் என்றால் அந்தப் பொருள் தன்னிடம் உள்ளதை மிக மெதுவாக வெளியிடுகிறது என்று பொருள். ஒரு கிராம் யுரேனியம்-238-இல் நொடிக்குச் சுமார் 12,000 அணுக்கருக்கள் மாறும். ஒரு கிராம் ரேடியத்தில், 1,600 ஆண்டு அரை ஆயுள் உள்ள ரேடியம்-226-இல், அதே ஒரு நொடிக்குள் சுமார் 3,700 கோடி. நொடிக்கு ஒன்று மாறினால் அதற்கு ஒரு பெக்கெரல் என்று அலகு. மேண்டிலில் இருந்த தோரியம் கொஞ்சம். அதுவும் மிக மந்தமாகச் சிதைவது. அதுதான் பாதி விடை.

எது அதிகத் தொல்லை என்று கேட்டால் என் பதில், மனித வாழ்நாளோடு ஒத்துப்போகிறவை. நொடியில் தீர்வது தீர்ந்துவிடும். கோடி ஆண்டு இருப்பது சோம்பிக் கிடக்கும். சீசியம்-137 மாதிரி முப்பது ஆண்டு இருப்பவை வேகமாகவும் வெளியிடும், ஒரு தலைமுறைக்கு மண்ணிலும் தங்கும். உக்ரைனின் செர்னோபில் அணு உலையில் 1986-இல் நடந்த விபத்துக்குப் பிறகு அந்தப் பகுதி நிலங்களை நெடுங்காலம் முடக்கியதில் பெரும்பங்கு சீசியத்துக்கு உண்டு.

## கதிர் பட்டது வேறு, பொருள் ஒட்டியது வேறு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

மணலி, எண்ணூர்ப் பக்கம் கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்களுக்கு "ஆர்டி" என்றால் தெரியும். குழாயில் வெல்டிங் சரியாக விழுந்திருக்கிறதா, உள்ளே ஓட்டை உடைசல் உண்டா என்று பார்க்க எடுக்கும் ரேடியோகிராபி. பெரும்பாலும் ராத்திரியில், ஆள் இல்லாத நேரம் பார்த்து எடுப்பார்கள். கயிறு கட்டி, சிவப்பு விளக்குப் போட்டு, "ஆர்டி எடுக்கறாங்கோ, அந்தாண்ட போப்பா" என்று ஒருவர் விரட்டிக்கொண்டிருப்பார். வேலைக்காரர்கள் கேமரா என்று சொல்லும் கனமான பெட்டிக்குள் சில மில்லிமீட்டர் அளவே உள்ள இரிடியம்-192 துண்டு இருக்கும். தூரத்தில் நின்று கைப்பிடியைச் சுற்றினால், கம்பியின் நுனியில் அந்தத் துண்டு குழல் வழியாக வெளியே வந்து வெல்டிங் அருகில் நிற்கும். காமா கதிர் இரும்பை ஊடுருவி மறுபக்கம் கட்டிய ஃபிலிமில் பதியும். நேரம் ஆனதும் திரும்பச் சுற்றினால் துண்டு பெட்டிக்குள் போய்விடும்.

அது உள்ளே போன அந்தக் கணத்திலேயே கதிர்வீச்சு அங்கே முடிந்தது. குழாயில் எதுவும் தங்காது. அந்தக் குழாயைத் தொடலாம், தூக்கலாம், ஃபிட்டிங் வேலையைத் தொடரலாம். கதிர் பட்ட பொருள் இங்கே கதிரியக்கப் பொருளாக மாறுவதில்லை. எக்ஸ்ரேயும் இப்படித்தான், சி.டி. ஸ்கேனும் இப்படித்தான். எக்ஸ்ரே குழாய்க்கு மின்சாரம் நின்றால் கதிரும் நின்றது. அந்தப் பெண் வீட்டுக்கு வந்ததும் தாராளமாகக் குழந்தையைத் தூக்கலாம். வெளியிலிருந்து கதிர் பாய்ச்சிப் புற்றுநோய் சிகிச்சை எடுப்பவரைத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஒதுக்கும் வீடுகள் உண்டு. அவர் உடம்பிலிருந்து எந்தக் கதிரும் வராது. ஏற்கெனவே நொந்திருக்கும் மனிதரை அறியாமையால் இன்னும் தனிமைப்படுத்துவது எனக்குத் தாங்க முடியாத கொடுமையாகப் படுகிறது. காமா கதிர் பாய்ச்சிய வெங்காயமும் மசாலாவும் ஊசி சிரிஞ்சும் இதே கணக்கில்தான் வரும். வெங்காயம் முளைப்பது நிற்கும், மற்றதில் கிருமி சாகும், பொருளில் கதிரியக்கம் ஏறாது.

பொருளே ஒட்டினால் கதை வேறு. தூசியாக மேலே படிந்தாலோ, மூச்சில் போனாலோ, பாலிலும் தண்ணீரிலும் கலந்து வயிற்றுக்குப் போனாலோ, அது இருக்கும்வரை கதிரை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். தாளில் நின்றுபோகும் ஆல்ஃபா உடம்புக்கு வெளியே இருந்தால் மேல்தோலைத் தாண்டாது. மேண்டிலில் இருந்த தோரியம் தள்ளுவதும் ஆல்ஃபாதான், மீதிப் பாதி விடை இது. அதே ஆல்ஃபாவை வெளியிடும் தூசி நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்தால் அதுதான் மிக மோசம். செர்னோபிலில் அயோடின்-131 புல்லில் படிந்து, மாட்டின் பாலில் இறங்கி, அதைக் குடித்த குழந்தைகளின் தைராய்டு சுரப்பியில் சேர்ந்தது. பிறகு அங்கே குழந்தைகளிடம் தைராய்டு புற்றுநோய் தெளிவாகக் கூடியது.

அயோடின்-131 மருந்து சாப்பிட்ட நோயாளி இந்த இரண்டாவது வகை. பொருள் அவர் உடம்புக்குள் இருக்கிறது. டாக்டர் சொல்லும் நாட்கள் வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டு அவர் தள்ளி இருப்பது அவசியம். அந்த நாட்கள் முடிந்ததும் ஒதுக்கி வைக்கக் காரணமே இல்லை.

உடம்பு வாங்கும் அளவைச் சொல்ல சீவர்ட் என்ற அலகு உண்டு. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிசீவர்ட். மண், காற்று, விண்வெளி, உணவு எல்லாம் சேர்ந்து உலக சராசரி மனிதருக்கு ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் தருகின்றன. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 அல்லது அதற்கும் குறைவு. நெஞ்சுக்கு சி.டி. என்றால் சுமார் 5 முதல் 7. இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளர்களுக்கு வரம்பு, ஐந்தாண்டு சராசரியாக, ஆண்டுக்கு 20. ஒரே நேரத்தில் 4,000 மில்லிசீவர்ட் உடம்பு முழுக்க விழுந்தால், சிகிச்சை இல்லாத நிலையில் பாதிப்பேர் இறக்கக்கூடும். தள்ளி நிற்பதும் பெரிய பாதுகாப்பு. சிறிய துண்டிலிருந்து ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தால் கால் பங்கு, பத்து மீட்டருக்குப் போனால் நூறில் ஒரு பங்கு. கயிறு கட்டி விரட்டுவது இதற்காகத்தான்.

சுருக்கமாக: கதிர் பட்டுப் போனால் அத்தோடு முடிந்தது. பொருள் ஒட்டினால் அதைக் கழுவி அகற்ற வேண்டும், இல்லை சிதைந்து தீரும்வரை காத்திருக்க வேண்டும்.

## அணுக்கருப் பிளவு: கேரம் போர்டில் பார்ப்போம்

இதுவரை சொன்னதெல்லாம் தானாக நடப்பது. அணு உலையில் நடப்பது ஏற்பாடு செய்து நடத்துவது.

1938 டிசம்பரில் பெர்லினில் ஓட்டோ ஹானும் ஃபிரிட்ஸ் ஸ்ட்ராஸ்மானும் யுரேனியத்தின் மீது நியூட்ரானைச் செலுத்திப் பார்த்தார்கள். கிடைத்ததில் பேரியம் இருந்தது. 92 புரோட்டானில் தொடங்கி 56-இல் வந்து நிற்பதா என்று அவர்களுக்கே நம்ப முடியவில்லை. அணுக்கரு இரண்டாகப் பிளந்திருக்கிறது என்று விளக்கியவர்கள், நாஜிகளுக்குத் தப்பி ஸ்வீடனில் இருந்த லிசே மைட்னரும் அவர் அக்கா மகன் ஓட்டோ ஃபிரிஷும். நோபல் பரிசு ஹானுக்கு மட்டும் போனது. மைட்னருக்குத் தராதது அநியாயம் என்றுதான் நான் சொல்வேன்.

வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஒரு தெருமுனைக் கேரம் போர்டை மனத்தில் வையுங்கள். ஸ்ட்ரைக்கர்தான் நியூட்ரான். ஒவ்வொரு காயினும் ஒரு யுரேனியம்-235 அணுக்கரு. இந்த போர்டில் ஒரு விசேஷம்: ஸ்ட்ரைக்கர் மாட்டிய காயின் இரண்டாகப் பிளக்கும். பிளக்கும்போது அதற்குள்ளிருந்து இரண்டு மூன்று புது ஸ்ட்ரைக்கர்கள் பாயும். அவை வேறு காயின்களில் மாட்டினால் அவையும் பிளக்கும், இன்னும் ஸ்ட்ரைக்கர்கள் வரும். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடர்வதுதான் தொடர்வினை.

வேகத்தில் ஒரு சங்கதி இருக்கிறது. கேரம் ஆடியவர்களுக்குத் தெரியும், அடித்து விளாசிய காயின் பாக்கெட் விளிம்பில் மோதித் திரும்பி வந்துவிடும். மெல்லத் தட்டிய காயின் உள்ளே விழும். நியூட்ரானும் அப்படித்தான். பிளவில் பிறக்கும்போது அது அசுர வேகத்தில் வருகிறது. அந்த வேகத்தில் யுரேனியம்-235 அதைப் பிடிப்பது அரிது. மெதுவாக்கினால் வாய்ப்பு பல நூறு மடங்கு கூடுகிறது. மெதுவாக்கும் பொருளுக்குத் தணிப்பான் என்று பெயர். கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளிலும் தணிப்பான் கனநீர், அதாவது சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதில் கனமான ஹைட்ரஜன் சேர்ந்த தண்ணீர்.

அடுத்தது கசிவு. போர்டின் நாலு பக்கச் சட்டத்தையும் கழற்றிவிட்டால் ஸ்ட்ரைக்கர் எல்லாம் தெருவுக்கு ஓடிவிடும். சிறிய யுரேனியத் துண்டிலிருந்து நியூட்ரான்கள் அப்படி வெளியே தப்பிவிடுகின்றன. தப்புவது போக, தொடர்வினை நிற்காமல் ஓடும் அளவுக்குச் சேர்ந்த குறைந்தபட்ச எடை மாறுநிலை நிறை.

மூன்றாவது, உறிஞ்சுவது. போர்டில் தூவும் பவுடர் இருக்கிறதே, போரிக் பவுடர், அதில் உள்ள போரான்தான் நியூட்ரானை விழுங்குவதில் கெட்டிக்காரன். தெருவில் அது காயினை வழுக்கி ஓடவிடுகிறது, அணு உலையிலோ ஓட்டத்தையே நிறுத்துகிறது. போரானோ காட்மியமோ கொண்ட கட்டுப்பாட்டுக் கழிகளை உள்ளே இறக்கினால் நியூட்ரான் குறையும், வெளியே எடுத்தால் கூடும். 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் விபத்து நடந்தபோது உலைகளுக்குள் கடல்நீரோடு போரிக் அமிலத்தையும் செலுத்தினார்கள்.

ஒவ்வொரு பிளவிலிருந்தும் வரும் நியூட்ரான்களில் சரியாக ஒன்று மட்டும் அடுத்த பிளவை உண்டாக்கினால் உலை சீராக ஓடும். அந்த நிலைக்குப் பெயர் மாறுநிலை. "உலை மாறுநிலையை எட்டியது" என்று செய்தி வந்தால் உலை ஓடத் தொடங்கியது என்று அர்த்தம், விபத்து என்று இல்லை. ஒன்றுக்குக் குறைந்தால் அணையும். ஒன்று இரண்டாக, இரண்டு நான்காகப் பெருகினால், ஒரு கிலோவில் உள்ள அத்தனை அணுக்கருவையும் பிளக்கச் சுமார் 80 தலைமுறை போதும். அணுகுண்டில் அது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது.

கல்பாக்கத்தின் அந்த இரண்டு உலைகள் ஏன் குண்டாக முடியாது என்பதற்கு விடை இங்கே கிடைக்கிறது. அவற்றில் இருப்பது இயற்கை யுரேனியம். ஆயிரம் காயினில் ஏழுதான் எளிதில் பிளக்கும் யுரேனியம்-235, மீதி யுரேனியம்-238. குண்டுக்கு 90 சதவீத அளவுக்குச் செறிவூட்ட வேண்டும். கனநீர் வடிந்துபோனால் இயற்கை யுரேனியத்தில் தொடர்வினையே நின்றுவிடும். கூடங்குளத்து உலைகளில் செறிவூட்டிய யுரேனியம்தான், ஆனால் அதுவும் சில சதவீதமே.

கேரம் ஒப்புமை ஓரிடத்தில் நின்றுபோகிறது. போர்டில் ஓடும் ஆற்றல் எல்லாம் ஆடுபவரின் விரலிலிருந்து வந்தது. பிளவிலோ நியூட்ரான் சும்மா தொட்டால் போதும். ஏற்கெனவே உள்ளே முட்டிக்கொண்டிருந்த புரோட்டான்களின் தள்ளுதல் அவிழ்ந்து, இரண்டு துண்டுகளும் பயங்கர வேகத்தில் விலகுகின்றன. அந்த வேகம்தான் வெப்பமாகிறது. ஒரு கார்பன் அணு எரியும்போது வருவதைவிட ஒரு யுரேனிய அணுக்கரு பிளக்கும்போது வருவது சுமார் 5 கோடி மடங்கு. ஒரு கிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால், நல்ல நிலக்கரி மூன்று டன் எரித்த வெப்பம். அத்திப்பட்டில் அனல்மின் நிலையத்துக்குக் கன்வேயரில் ராத்திரி பகலாகப் போகும் கரியைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணால் தெரியும். பிறகு இரண்டு இடத்திலும் ஒரே வேலைதான்: தண்ணீரை நீராவியாக்கி டர்பைனைச் சுழற்றுவது.

மனிதர்கள்தான் முதலில் இதைச் செய்தார்கள் என்றும் சொல்ல முடியாது. ஆப்பிரிக்காவில் காபோன் நாட்டின் ஓக்லோ யுரேனியச் சுரங்கத்தில், சுமார் 200 கோடி ஆண்டுக்கு முன் நிலத்தடி நீர் தணிப்பானாக இருந்து, தொடர்வினை தானாகவே ஓடியிருக்கிறது. 1972-இல் தடயம் கிடைத்தது.

## நிறுத்திய பிறகும் ஓயாத வெப்பம்

கழிகளை இறக்கினால் பிளவு நொடிகளில் நின்றுவிடும். அப்படியானால் ஃபுகுஷிமா ஏன் உருகியது?

பிளந்த இரண்டு துண்டுகளும் நிலையில்லாத அணுக்கருக்கள். அயோடின்-131, சீசியம்-137 எல்லாம் இப்படிப் பிறந்தவைதான். அவற்றின் கதிரியக்கத்துக்கு நிறுத்தும் கழி கிடையாது. அது தன் அரை ஆயுட்காலப்படி நடந்துகொண்டே இருக்கும், வெப்பத்தையும் தந்துகொண்டே இருக்கும். உலையை நிறுத்திய உடனே, ஓடியபோது இருந்த வெப்பத்தில் 6 அல்லது 7 சதவீதம் மிச்சம் இருக்கும். ஒரு நாள் கழித்தும் சுமார் அரை சதவீதம். கல்பாக்கத்து உலை ஒன்று முழு வீச்சில் சுமார் 800 மெகாவாட் வெப்பம் தந்து 220 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் அளவில் அமைந்தது. அதில் அரை சதவீதம் என்றால் 4 மெகாவாட். வாளியில் போட்டுத் தண்ணீர் காய்ச்சும் ஒரு கிலோவாட் ஹீட்டர் 4,000-ஐ ஒரே தொட்டியில் போட்டு வைத்த கணக்கு. தண்ணீர் சுற்றி வந்துகொண்டே இருக்க வேண்டும்.

2011 மார்ச் 11-இல் நிலநடுக்கம் வந்ததும் ஃபுகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த மூன்று உலைகளும் தாமாகவே நின்றன. பிளவு முடிந்தது. பிறகு வந்த சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. பம்ப் நின்றது, எரிபொருள் உருகியது, உண்டான ஹைட்ரஜன் கட்டடங்களைச் சிதறடித்தது. அணுகுண்டு வெடிப்பு எதுவும் அங்கே நடக்கவில்லை. கதிரியக்கப் பொருள் வெளியேறியதுதான் அங்கே நடந்த கேடு, அது மிகப் பெரிய கேடு.

2004 டிசம்பர் 26 காலை காசிமேட்டையும் எண்ணூரையும் தாக்கிய அதே சுனாமி கல்பாக்கத்திலும் புகுந்தது. கடல்நீர் எடுக்கும் பம்ப் ஹவுஸ் மூழ்கியது. அப்போது ஓடிக்கொண்டிருந்த இரண்டாவது உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது, குளிர்விப்பும் தொடர்ந்தது. ஆகவே கல்பாக்கத்தைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி "வெடிக்குமா" என்பதில்லை. "எல்லா மின்சாரமும் போனால் எத்தனை நாள் குளிர்விக்க முடியும், தீர்ந்த எரிபொருளை எங்கே எப்படி வைத்திருக்கிறீர்கள்" என்று கேட்க வேண்டும். இதைக் கேட்பதற்குத் தமிழகத்தில் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. பதில் சொல்வது நடத்துகிறவர்களின் கடமை.

பிளவு நாம் நடத்துவது, நிறுத்தலாம். கதிரியக்கம் தானாக நடப்பது, நிறுத்த முடியாது. குளிர்விக்கலாம், அடைத்து வைக்கலாம்.

## டவரும் சாம்பலும்

செல்போன் டவரிலிருந்து வருவதும் கதிர்வீச்சுதான், வெளிச்சமும் கதிர்வீச்சு என்கிற அதே பொருளில். ஆனால் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறியும் ஆற்றல் அதற்கு இல்லை. காமாவுக்கும் எக்ஸ்ரேக்கும் அந்த ஆற்றல் உண்டு, மரபணுவை உடைப்பதும் அதனால்தான். டவர் அலை ரேடியோ அலை; மிக வலுவாக இருந்தால் சூடாக்கும். அணு உலையோடு அதற்கு எந்த உறவும் இல்லை.

சாம்பல் விஷயம் அவ்வளவு எளிதில் தள்ளிவிடக் கூடியதில்லை. நிலக்கரியில் யுரேனியமும் தோரியமும் மிகச் சிறிய அளவில் இருப்பது உண்மை. கார்பன் எரிந்து போவதால் மிஞ்சும் சாம்பலில் அவற்றின் செறிவு கூடுவதும் உண்மை. ஆனால் "அணுக்கழிவைவிடச் சாம்பலில் கதிரியக்கம் அதிகம்" என்று பகிரப்படுவது தவறு. ஒழுங்காக ஓடும் இரண்டு வகை நிலையங்களிலிருந்தும் சுற்றுப்புறத்துக்கு வெளியேறுவதை ஒப்பிட்ட ஆய்வுக் கணக்கு, வாய்க்கு வாய் மாறி இப்படி ஆகிவிட்டது. உலையிலிருந்து எடுத்த தீர்ந்த எரிபொருளின் பக்கத்தில் நிலக்கரிச் சாம்பல் நெருங்கவே முடியாது. எண்ணூர்க் கழிமுகத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் படியும் சாம்பலின் கேடு நுண்தூசியிலும், ஆர்சனிக், பாதரசம் போன்ற நச்சு உலோகங்களிலும், மூடிப்போகும் ஆற்றுப் படுகையிலும் இருக்கிறது. போராட அதுவே போதுமான காரணம். தவறான காரணத்தைப் பிடித்துக்கொண்டால் எதிர்த்தரப்பு அதை ஒரு வரியில் மறுத்துவிட்டுப் போய்விடும் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

## காயலான் கடையில் கவனம் வேண்டும்

வடசென்னையில் உண்மையாகவே கதிரியக்கத்துக்கு எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர்கள் யார் என்று கேட்டால், பழைய இரும்பு வாங்கி உடைப்பவர்களைத்தான் முதலில் சொல்வேன். 2010-இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்கு, பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் நீண்டகாலம் சும்மா கிடந்த கருவி ஏலத்தில் வந்தது. உள்ளே கோபால்ட்-60. பிரித்தெடுத்த துண்டுகள் கைமாறின. பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். 1987-இல் பிரேசிலின் கொயானியா நகரில் கைவிடப்பட்ட மருத்துவக் கருவியிலிருந்து சீசியம்-137 வெளியே வந்து நான்கு பேர் உயிரிழந்தார்கள். இருட்டில் நீலமாக மினுங்கிய அந்தத் தூளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிள்ளைகளிடம் காட்டியிருந்தார்கள்.

அளவுக்கு மீறிக் கனக்கும் சிறிய பெட்டி, ஈயம் சுற்றிய உருளை, மஞ்சளில் மூன்று இதழ் விசிறிக் குறி, இவற்றில் எது கண்ணில் பட்டாலும் அதைக் கேஸ் கட்டரால் அறுக்கக் கூடாது. சர்வதேச அணுசக்தி முகமையும் சர்வதேசத் தர அமைப்பும் 2007-இல் இன்னொரு குறியைக் கொண்டுவந்தன: சிவப்பு முக்கோணம், மேலே கதிர்கள், கீழே மண்டையோடு, பக்கத்தில் ஓடும் ஆள். இதைக் கருவியின் வெளிப்பக்கத்தில் ஒட்டுவதில்லை. கருவியைக் கழற்றிக்கொண்டே போனால், ஆபத்தான துண்டுக்குக் கிட்டே வந்ததும் கண்ணில் படும்படி உள்ளே வைக்கிறார்கள். அது தெரிந்தால் ஸ்பேனரை அங்கேயே போட்டுவிட்டு, எல்லோரையும் பத்து இருபது மீட்டராவது தள்ளிப்போகச் சொல்லிவிட்டு, 112-க்குப் போன் செய்யுங்கள். கையைக் கழுவுங்கள். கழுவாத கையால் பீடியோ டீயோ வாய்க்குப் போகக் கூடாது.